தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை

"புள்ள தூங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

முந்தின இரவு வீட்டில் நடந்ததையெல்லாம் சொல்லி, அழுது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு கடைசியாக வருகிற வார்த்தை இதுதான். மண்ணச்சநல்லூரில் நான் வளர்ந்த தெரு ஒரு ரைஸ் மில் களத்துக்குப் பின்னால் இருந்தது. விடிகாலையில் நெல் அவிக்கும் வாடை தெருவெல்லாம் பரவும் நேரத்தில், குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றபடி பெண்கள் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவளுக்கு அது பெரிய ஆறுதல். அடி என்னோடு போயிற்று, பிள்ளை தப்பித்தது. கேட்கிறவர்களும் "அந்தமட்டும் போச்சு" என்று சொல்லிக் குடத்தைத் தூக்குவார்கள்.

அந்த ஆறுதலைப் பறிக்க எனக்கு மனமில்லை. ஆனால் அது உண்மையில்லை. உண்மை என்னவென்று தெரிந்தால் அதிலிருந்தே வேறோர் ஆறுதல் கிடைக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் கிரஹாமும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வு செய்து 2013-இல் வெளியிட்டார்கள். 6 முதல் 12 மாதம் வரையிலான 20 கைக்குழந்தைகள். வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் தாய்மார் அவர்களை ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கி வந்தார்கள். தூங்கவைத்து, தூக்கம் கலையாமல் மூளையைப் படமெடுக்கும் ஸ்கேன் கருவிக்குள் கிடத்தி, காதில் ஹெட்போன் மாட்டினார்கள். ஓர் ஆணின் குரல். பேசுவது அர்த்தமில்லாத வெறும் ஒலிகள். அதையே சாதாரணமாக, சந்தோஷமாக, கொஞ்சம் கோபமாக, கடுங்கோபமாக மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். குழந்தைகள் கண் திறக்கவில்லை. மூளை திறந்திருந்தது. வீட்டில் அப்பா அம்மா சண்டை அதிகம் என்று தாய்மார் சொல்லியிருந்த குழந்தைகளுக்கு, கடுங்கோபக் குரல் கேட்டதும் உணர்ச்சியையும் உடலின் பதற்றத்தையும் கவனித்துக்கொள்ளும் மூளைப் பகுதிகள் மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாக இயங்கின.

இந்த வீடுகள் அடிதடி வீடுகள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. வாய்ச்சண்டை கொஞ்சம் கூடுதலாக இருந்த வீடுகள், அவ்வளவுதான். வார்த்தையே புரியாத வயது. அதிலும் ஆழ்ந்த தூக்கம். அப்படியும் அந்தத் தொனி உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை என்றும் தோன்றும். வயிற்றில் ஆறாவது மாதம் வாக்கிலேயே சிசுவுக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தை தாயின் குரலை மற்றப் பெண்களின் குரலிலிருந்து பிரித்தறிகிறது என்று 1980-லேயே காட்டியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை இந்த உலகத்தோடு கொள்ளும் முதல் உறவே குரல் வழியாகத்தான்.

எங்கள் தெருவில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் வேண்டாம். சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். தெருமுனையில் எந்த மோட்டார் பைக் திரும்பினாலும் அவள் பென்சில் நிற்கும். நிமிர்ந்து பார்க்க மாட்டாள். பென்சில் மட்டும் நிற்கும். வண்டி கடந்து போனதும் மறுபடி எழுதுவாள். அவள் அப்பாவின் வண்டி என்றால் நோட்டை மூடிப் பையில் வைப்பாள், ஜாமெட்ரி பாக்ஸைச் சத்தம் வராமல் அழுத்தி மூடுவாள், தம்பியைக் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போவாள். ஒருநாள் அப்படிப் போகாமல் உட்கார்ந்தே இருந்தாள். ஏன் என்று கேட்டேன். "இன்னிக்கு ஸ்டாண்டு ஒரே உதையில விழுந்துடுச்சு அத்தை. இன்னிக்கு ஒண்ணும் இருக்காது" என்றாள்.

குடித்துவிட்டு வருகிற நாளில் சைடு ஸ்டாண்டை இரண்டு மூன்று தடவை உதைத்தால்தான் விழும். அந்தச் சத்தத்தை எண்ணி அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று அவள் கணித்துவைத்திருந்தாள். வானிலை ஆய்வு மையம் தோற்கும்.

பள்ளிக்கூடத்தில் அவளைப் பற்றி என்ன சொன்னார்கள் தெரியுமா? கவனம் பத்தவில்லை. எனக்குத் தெரிந்து அந்த வகுப்பிலேயே அவளைப்போலக் கவனிக்கிற பிள்ளை கிடையாது. கவனம் கரும்பலகையில் இல்லை, அவ்வளவுதான். டீச்சரின் முகத்தில் இருந்தது, வராண்டாவில் கேட்கும் செருப்புச் சத்தத்தில் இருந்தது.

இதற்கும் அளவுகள் உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் செத் போல்லாக், அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகளுக்கு முகப் படங்களைக் காட்டினார். படம் முதலில் மங்கலாக இருக்கும், மெல்ல மெல்லத் துலங்கும். என்ன உணர்ச்சி என்று சொல்ல வேண்டும். சந்தோஷத்தை எல்லாப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி அடையாளம் கண்டார்கள். கோபத்தை மட்டும் அடிபட்ட பிள்ளைகள் மற்றவர்களுக்கு முன்னாலேயே, படம் துலங்கும் முன்பே கண்டுகொண்டார்கள். 2011-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஈமன் மெக்ரோரியின் குழு, குடும்ப வன்முறைக்கு நடுவே இருந்த பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்தது. கோப முகங்களைப் பார்த்தபோது அமிக்டலாவும் இன்சுலாவின் முன்பகுதியும் கூடுதலாக இயங்கின. போர்முனையில் இருந்து திரும்பிய சிப்பாய்களிடம் காணப்பட்ட அதே வகை மாற்றம். அந்தப் பிள்ளைகள் யாரும் மனநோயாளிகள் இல்லை. பார்க்கச் சாதாரணப் பிள்ளைகள்.

அமிக்டலா என்பது பாதாம் கொட்டை வடிவில் மூளையின் ஆழத்தில் இருக்கிற ஓர் உறுப்பு. நம் காவல் நாய். ஆபத்து என்று தோன்றியதும் யோசிக்கிற மூளையைக் கேட்காமலே அது குரைத்துவிடும். சங்கதி ஹைப்போதலாமஸுக்குப் போகும், அங்கிருந்து பிட்யூட்டரிக்கு, அங்கிருந்து சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு. கார்ட்டிசால் ரத்தத்தில் இறங்கும். நெஞ்சு படபடக்கும், வயிறு இறுகும், ஓடவோ ஒளியவோ உடம்பு தயாராகும். ஆபத்து போனதும் எல்லாம் அடங்க வேண்டும். ஆபத்து எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் அடங்குவதற்கே நேரமில்லை. காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது வருகிற வயிற்றுவலி நடிப்பு இல்லை. நின்றுபோன படுக்கை நனைப்பு எட்டு வயதில் மறுபடி வருவது சோம்பேறித்தனம் இல்லை. பயந்த உடம்பு செய்கிற வேலை.

நம் ஊரில் இதற்கு ஒரு பெயர் உண்டு: புள்ளை பயந்திருக்கு. சமயபுரத்துக்குத் தூக்கிப்போய் வேப்பிலை அடித்து மந்திரிப்பார்கள், பள்ளிவாசல் வாசலில் நின்று ஓதிக்கொள்வார்கள். இதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தாயின் மடி, தலையிலிருந்து கால்வரை மெதுவாகத் தடவிவிடும் கை, ஒரே சொற்களைத் தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்லுதல் ஆகிய எல்லாமே பயந்த உடம்பு ஏங்குகிறவைதான். பிள்ளைக்கு என்னவோ ஆகியிருக்கிறது என்று பெரியவர்கள் ஒத்துக்கொள்கிறார்களே, அதுவே பாதி மருந்து. குறை எங்கே என்றால், காத்துக்கருப்பைப் பார்த்துப் பயந்தது என்று சொல்லிவிடுகிறோம். எதைப் பார்த்துப் பயந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எத்தனை வீடுகள்? 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரை உள்ள, மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்திய அளவில் அது சுமார் 29. படிப்பிலும் சுகாதாரத்திலும் நாட்டுக்கு வழிகாட்டும் மாநிலம் இது என்று நாம் பெருமைப்படுகிறோம், நியாயமான பெருமை. இந்த எண்ணையும் அதன் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைகளிடமே நேரில் கேட்டு எடுத்த ஆய்வு ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள். கிளாடியா கட்டானியும் சகாக்களும் உள்ளூர் உளவள ஆலோசகர்களைப் பயிற்றுவித்து, ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்தனியே பேசவைத்து, 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். போர் நடந்த பூமி, மேலே சுனாமி. 82 சதவீதப் பிள்ளைகள் போரின் ஏதாவதொரு கொடுமையைக் கண்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளேயே வன்முறையின் ஏதாவதொரு வடிவத்தை அனுபவித்தவர்கள் 95 சதவீதத்துக்கும் மேல். போரைவிட வீடு அதிகம். அப்பாவின் குடிக்கும் வீட்டு வன்முறைக்கும் தெளிவான தொடர்பு தெரிந்தது. வீட்டில் வன்முறையின் வகைகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு மன வடு நோயும் அதிகம். குண்டு விழுந்த ஊரிலும் வீடும் கணக்கில் நின்றது.

இவ்வளவும் சொன்னது பயமுறுத்த அல்ல. 2003-இல் கேத்ரின் கிட்ஸ்மனும் உடனிருந்தவர்களும் 118 ஆய்வுகளைச் சேர்த்துத் தொகுத்துப் பார்த்தார்கள். அப்பா அம்மா அடிதடியைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளில் 63 சதவீதம் பேர், அப்படிக் காணாத சராசரிப் பிள்ளையைவிடப் பின்தங்கியிருந்தார்கள். மீதி 37 சதவீதம்? அவர்கள் மற்றவர்களைப் போலவே இருந்தார்கள், சிலர் நன்றாகவே இருந்தார்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமையும் குடியும் சண்டையும் நிறைந்த வீடுகளில் பிறந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் திடமான, அன்பான மனிதர்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்த ஒன்று, நிலையாகப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர். ஒரே ஒருவர். பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், டீச்சர் என யாராகவும் இருக்கலாம். நம் பக்கம் அநேகமாக அது அம்மாச்சியாக இருக்கும். மகனைத் தட்டிக் கேட்கத் துணிந்த சில அப்பாயிகளையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் அப்படி என்ன நடந்துவிடும்? எலிக்குட்டிகளிடம் ரெஜினா சல்லிவன் செய்த சோதனைகள் இதற்குப் பதில் தருகின்றன. ஒரு வாசனையையும் லேசான மின் அதிர்ச்சியையும் சேர்த்துக் கொடுத்தால் குட்டி அந்த வாசனைக்குப் பயப்படப் பழகும். தாய் எலி கூட இருந்தால் அதே குட்டி அந்தப் பயத்தைக் கற்றுக்கொள்வதில்லை. தாயின் அருகாமை அதன் அமிக்டலாவை அமர்த்திவைக்கிறது. மனிதப் பிள்ளைகளுக்கு வாருங்கள். போல்லாக்கின் அதே விஸ்கான்சினில், லெஸ்லி செல்ட்சர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு. 7 முதல் 12 வயதுச் சிறுமிகளை அறிமுகமில்லாதவர்கள் முன்னால் மேடைப்பேச்சும் மனக்கணக்கும் செய்யச் சொன்னார்கள். கார்ட்டிசால் எகிறியது. பிறகு சிலரை அம்மா வந்து கட்டிக்கொண்டாள். சிலருக்கு அம்மா போனில் மட்டும் பேசினாள். மற்றவர்கள் படம் பார்த்தார்கள். கட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு கூடி, பதற்றம் இறங்கியது. போனில் வெறும் குரல் கேட்ட பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அப்படியே.

குரல் வழியாகப் போன பயம், குரல் வழியாகவே இறங்குகிறது. நான் சொன்ன வேறோர் ஆறுதல் இதுதான்.

அதனால்தான் பிள்ளையைக் குணப்படுத்த வேண்டுமானால் முதலில் தாயைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க நடுங்குகிறவளின் குரல் எப்படி அமர்ந்து ஒலிக்கும்? சான்பிரான்சிஸ்கோவில் அலிசியா லீபர்மன் இதைச் சிகிச்சையாகவே வகுத்தார். வன்முறையைக் கண்ட பால்வாடி வயதுப் பிள்ளைகளும் அவர்களின் தாய்மாரும், 75 ஜோடிகள். பிள்ளையைத் தனியே மருத்துவரிடம் அனுப்பாமல், தாயும் பிள்ளையும் ஒரே அறையில், வாரம் ஒருமுறை, ஏறக்குறைய ஒரு வருடம். பிள்ளை பொம்மை வீட்டில் அப்பா பொம்மையைத் தூக்கி எறியும். தாய் முகம் வெளிறும். கூட இருக்கும் ஆலோசகர், நடந்ததை மூன்று பேருக்கும் தாங்குகிற வார்த்தையில் சொல்ல உதவுவார். 2005-இல் வந்த முடிவின்படி பிள்ளைகளின் நடத்தைச் சிக்கலும் மன வடு அறிகுறிகளும் குறைந்தன. தாய்மாரின் மனமும் தேறியது. தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாத சிகிச்சை என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை. இதைப் படிக்கிற எந்தத் தாயும் 'நான் பிள்ளையைக் கெடுத்துவிட்டேன்' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அடித்தவன் ஒருவன் இருக்கிறான், பொறுப்பு அவனுடையது.

நடந்ததைப் பிள்ளையிடம் பேசலாமா? பேசினால் ஞாபகம் வந்துவிடாதா? எல்லோரும் கேட்கிற கேள்வி. ஞாபகம் போனால்தானே வருவதற்கு. பெரியவர்கள் பேசாவிட்டால் பிள்ளை தானாக ஒரு கதை கட்டிக்கொள்ளும். அந்தக் கதையில் பெரும்பாலும் தப்பு செய்தது அதுவாகவே இருக்கும். நான் பால் கொட்டினதாலதான் அப்பா அம்மாவை அடிச்சாரு. நான் பரீட்சையில ஃபெயில் ஆனதாலதான். 'அது உன்னால இல்ல' என்ற மூன்று சொற்களை யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். ஒரு தடவை போதாது.

எப்படிப் பேசுவது என்பதற்கு எங்கள் ஊர்க் களம் எனக்குச் சொல்லித்தந்தது ஒன்று உண்டு. புழுங்கலரிசிக்கு நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். காலால் அளைந்து அளைந்து புரட்டிவிடுவார்கள். வெயில் நன்றாக அடிக்கிறதே என்று ஒரே மூச்சில் காயவிட்டால் நெல் உள்ளுக்குள் வெடித்துவிடும். வெளியே தெரியாது. மில்லில் அரைக்கும்போது நொய்யாக உடையும். அதனால் பாதி காய்ந்ததும் கூட்டிக் குவித்து மூடிவைப்பார்கள். உள்ளே இருக்கிற ஈரம் மெதுவாக வெளியே பரவும். பிறகு மறுபடி பரப்புவார்கள். பதம் வந்துவிட்டதா என்று ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பார் களத்துக்காரர். பிள்ளை பேசுவதும் அப்படித்தான். கொஞ்சம் பேசவிட்டு, மூடிவைத்து, விளையாடவிட்டு, மறுபடி கொஞ்சம்.

மன வடு சிகிச்சைகளின் அடிப்படையே இந்தப் பக்குவம்தான். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜூடித் கோஹன், தாய் அடிபடுவதைக் கண்ட 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 124 பேரை எடுத்துக்கொண்ட ஆய்வில் எட்டே அமர்வுகள்தான். அவர்களில் பலருக்கு அடித்த அப்பாவோடு தொடர்பு அறுந்துவிடவில்லை. ஆகவே பயத்தையே துடைத்துப்போட முயலாமல், எது நிஜமான ஆபத்து, எது பழைய ஞாபகம் என்று பிரித்தறியக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகளின் பதற்றம் குறைந்தது.

இலங்கையில் சுனாமிக்குப் பிறகு, அகதி முகாமில், அதே கட்டானியின் குழு 31 தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுத்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள்தான் ஆலோசகர்கள். பாதிப் பிள்ளைகளுக்கு வாழ்க்கைக் கதை சொல்லும் முறை. தரையில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். அது பிறந்ததிலிருந்து இன்றுவரை. நல்லது நடந்த இடத்தில் பிள்ளை ஒரு பூவை வைக்கும், கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல்லை. கயிற்றின் மிச்சம் சுருட்டியே கிடக்கும், அது இன்னும் வராத நாட்கள். பிறகு ஒவ்வொரு கல்லாக எடுத்து அதன் கதையைச் சொல்ல வேண்டும். மற்றப் பாதிக்குத் தியானமும் மூச்சுப் பயிற்சியும். இரண்டுக்கும் ஆறே அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்னவர்களில் 81 சதவீதமும், மூச்சுப் பயிற்சி செய்தவர்களில் 71 சதவீதமும் மன வடு நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். சின்ன ஆய்வுதான். சிகிச்சையே பெறாத பிள்ளைகளோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. ஆனாலும் தமிழில் பேசி, தமிழ் டீச்சர்களும் ஆலோசகர்களும் செய்யக்கூடிய காரியம் இது என்று தெரிந்துவிட்டது.

கயிற்றில் பூவும் இருக்கிறது என்பது முக்கியம். அப்பா தோளில் தூக்கிக்கொண்டு சமயபுரம் தேருக்குப் போன நாளையும் பிள்ளை அந்தக் கயிற்றில் வைக்கும். அப்பாவிடம் பயமும் உண்டு, பாசமும் உண்டு. 'அந்தாளை நினைக்காதே' என்று நாம் பூவைப் பிடுங்கக் கூடாது.

நம் கையில் இருப்பது என்ன? தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதன்முதலில் தொடங்கியதே திருச்சி மாவட்டத்தில்தான், 1997-இல். எங்கள் ஊரில் பஸ் ஏறி, நம்பர் 1 டோல்கேட், கொள்ளிடம் பாலம் தாண்டிப் புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போனால் மனநலப் பிரிவு இருக்கிறது. பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்கள் இருக்கின்றன. 2005-இல் இயற்றி 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அதை அடித்தவனைத் தண்டிக்கிற சட்டமாக மட்டுமே பலரும் பார்க்கிறார்கள். பிள்ளையின் கண்ணால் பார்த்தால் அதன் 19-ஆம் பிரிவு மருந்துச் சீட்டு மாதிரி. அந்த வீட்டிலேயே தாய் குடியிருக்கலாம், வெளியேற வேண்டியவன் அடித்தவன் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். அதே பாய், அதே பள்ளிக்கூடம், அதே திண்ணை. பயந்த பிள்ளைக்கு நேற்றைப் போலவே விடிகிற நாளைவிட வேறென்ன வேண்டும்? 21-ஆம் பிரிவில் பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விடவும் வழியுண்டு. விண்ணப்பிக்கப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: பெண் விலகிப் போகிற நேரம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கிற நேரம். 'கிளம்பி வந்துடு' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைக்கக் கூடாது. எங்கே, யாரோடு, எப்போது என்பதையும் கூட உட்கார்ந்து யோசித்துத் தர வேண்டும்.

என் திண்ணையில் வீட்டுப்பாடம் எழுதிய அந்தப் பெண்ணின் அம்மா ஓர் ஆடி மாதத்தில் பிள்ளைகளோடு லால்குடிப் பக்கம் அம்மாச்சி வீட்டுக்குப் போனாள். கேஸ் நடந்தது. ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பி வந்து, எங்கள் தெருவிலேயே மூன்று வீடு தள்ளிக் குடியேறினார்கள். அப்பா வேறு ஊரில் இருந்தார். அவள் மறுபடி என் திண்ணைக்கு வந்தாள். முதல் மாதம் பென்சில் முன்னைப் போலவே நின்றது. இரவில் அவள் அம்மா கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, "தாழ்ப்பாள் போட்டாச்சு, தூங்கு" என்று தினமும் ஒரே மாதிரி சொல்வது எனக்கு என் வீட்டில் கேட்கும்.

கார்த்திகை வாக்கில் ஒரு சாயங்காலம் தெருமுனையில் ஒரு பைக் திரும்பியது. பென்சில் நின்றது. இந்தத் தடவை அவள் தலையைத் தூக்கித் தெருவைப் பார்த்தாள்.

"கூரியர் அண்ணன்" என்றாள். பிறகு, "அத்தை, ஏழெட்டு எவ்வளவு?"